கொம்பு அறுக்கிற டாக்டர்

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஊரைச் சுற்றியுள்ள கோழிப் பண்ணைகளுக்கும் தீவன கம்பெனிகளுக்கும் போனார்கள். நான் தென்னாப்பிரிக்காவில், க்வாசூலு நடால் மாகாணத்துத் தனியார் காப்பகங்களில், காண்டாமிருகத்தின் கொம்பை அறுக்கும் குழுவில் இருக்கிறேன். கேட்டதும் ஊரில் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். "அது பாவமில்லையா கண்ணு?" என்று அம்மாவே கேட்டார்.

கொம்பு இருந்தால் அதற்காகவே வேட்டைக்காரர்கள் சுட்டுவிடுகிறார்கள். 2023இல் இந்த நாட்டில் திருட்டு வேட்டைக்குப் பலியான காண்டாமிருகங்கள் 499. அதில் 307 ஒரே காட்டில், எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் ஹ்ளுஹ்ளுவே இம்ஃபொலோசி பூங்காவில். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம் பூண்டோடு அழியாமல் தப்பியதே அந்த இம்ஃபொலோசியில்தான். 1960களில் இயன் பிளேயரும் அவரோடு இருந்தவர்களும் அங்கிருந்துதான் மற்றக் காடுகளுக்கு அவற்றை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் காட்டிலேயே 2024 ஏப்ரலில் கொம்பு அறுக்க வேண்டிவந்தது.

கொம்பு எலும்பல்ல. நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான். அடியிலுள்ள வளரும் பகுதியைத் தொடாமல் மேலே அறுத்தால் வலிக்காது, மறுபடி வளரும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்பவும் அறுக்க வேண்டும்.

வேலையில் ஆபத்தான பகுதி மயக்க மருந்து. எட்டோர்ஃபின் என்று பெயர். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியம். ஹெலிகாப்டரிலிருந்து ஊசியம்பு பட்ட சில நிமிடங்களில் இரண்டு டன் எடையுள்ள உடல் தள்ளாடி விழுகிறது. ஓடிப்போய்க் கண்ணைத் துணியால் கட்டுகிறோம், காதை அடைக்கிறோம், மூக்கில் குழாய் விட்டு ஆக்சிஜன் கொடுக்கிறோம். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு இந்த மருந்தில் மூச்சு வெகுவாகக் குறையும். அதைச் சரிசெய்ய இன்னொரு ஊசி. ஒருவர் மின்ரம்பத்தைப் பிடிக்க, நான் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பேன். கடைசியில் காதோர ரத்தக் குழாயில் மாற்று மருந்து. ஓரிரு நிமிடத்தில் எழுந்து, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விடும்.

அதே எட்டோர்ஃபின் ஒரு துளி என் உடம்பில் ஏறினாலும் மூச்சு நின்றுவிடலாம். அதனால், எனக்கு எந்த மருந்தை எப்படிப் போட வேண்டும் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் குழுவில் அப்படி நிற்பவர் ஒரு சூலு வனக்காவலர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி அரைகுறை. இந்த ஊரில் நான் முழுதாக நம்பும் மனிதர் அவர்தான்.

என் சந்தேகம் இதுதான்: நான் செய்வது வைத்தியமா? நோயுற்ற மாட்டைப் பார்த்து, மருந்து கொடுத்து, மறுவாரம் அது எழுந்து தீவனம் தின்பதைப் பார்க்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இங்கே என் கைக்கு வரும் விலங்குகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவை. பெயர் இல்லை, மறுசந்திப்பு இல்லை. போதாக்குறைக்கு, பதிவுபெற்ற மருத்துவரின் கண்காணிப்பில்தான் வேலை செய்கிறேன்; இந்திய பட்டம் மட்டும் இருந்தால் இங்கே தனித்து மருத்துவம் பார்க்க முடியாது. க்ரூகர் தேசியப் பூங்கா வட்டாரக் காப்பகங்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2025இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கொம்பு அறுத்த இடங்களில் வேட்டை 78 விழுக்காடு குறைந்ததாகச் சொன்னது. படித்த இரவு நிம்மதியாகத் தூங்கினேன். மந்தை பிழைத்தால் அதுவும் வைத்தியம்தான் என்று இப்போது நம்புகிறேன். ஆனால் இதையே ஆயுள் முழுக்கச் செய்வேனா என்று கேட்டால் பதில் வரவில்லை.

இந்தக் கேள்வியை யாரிடம் பேசுவது? காப்பகத்தில் தங்குபவர்கள் ஐரோப்பாவிலிருந்து வரும் தன்னார்வ மாணவர்கள். நல்ல பிள்ளைகள். மனம்விட்டுப் பேசத் தொடங்கும்போது அவர்களுக்கு விமானம் வந்துவிடும், அடுத்த அணி வந்து இறங்கும். சனிக்கிழமை மாலை நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள். நானும் போய் உட்காருவேன். வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா சம்பளம் கேட்பார், அத்தை வரன் சொல்வார். இப்படித் தனித்துப்போவதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை, பொது மக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதைப் பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் பாடத்திட்டத்தில் தனிமையைப் பற்றி ஒரு வகுப்புகூட இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும்.

எனக்குத் துணையானது டர்பன் நகரம். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்திறங்கியவர்களில் தொடங்கி, இங்கே தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஓர் ஆண்ட்டி வீட்டுக்கு விடுமுறையில் போவேன். அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுக்காரர். ஆண்ட்டிக்குத் தமிழில் பேச வராது. தைப்பூசத்துக்கு மட்டும் தவறாமல் விரதமிருந்து காவடி எடுக்கிறார். காண்டாமிருகத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு, கிளம்பும்போது டப்பாவில் பீன்ஸ் கறி கட்டிக் கொடுப்பார். அந்த இரண்டு கேள்விகளுக்காகவே சில மணி நேரம் பஸ்ஸில் போகலாம்.

ஊர் திரும்பத்தான் விருப்பம். முதுமலையிலும் ஆனைமலையிலும் யானைகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தேன். ஆனால் தமிழ்நாட்டில் வன விலங்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கால்நடை பராமரிப்புத் துறையிலிருந்து அயற்பணியில் வருபவர்கள். சில வருடம் காட்டில் கற்றதை அங்கேயே விட்டுவிட்டு மருந்தகத்துக்குத் திரும்புகிறார்கள். காட்டு வைத்தியத்தை ஓர் இளைஞர் ஆயுள் தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டுமானால், அதற்கென்று நிரந்தரப் பணியிடங்களும் பதவி உயர்வும் வேண்டும். வனத்துறையும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இதைச் செய்யட்டும். விண்ணப்பிக்க நாங்கள் பலர் வெளிநாட்டுக் காடுகளில் காத்திருக்கிறோம்.