அடிக்கடி நீர்க்கடுப்பா? பழைய சீட்டை எடுக்காதீர்கள்!

“நாலு மாசத்துல இது மூணாவது தடவை டாக்டர். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்குவேன். ரெண்டு நாள் எரிச்சல் குறையும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்!”

கோட்டூர்புரத்தில் என்னிடம் வந்த ஐம்பத்தெட்டு வயது அம்மாள் கேட்டது நெருஞ்சில் கஷாயம். நான் எழுதிக் கொடுத்ததோ யூரின் கல்ச்சர். சித்த வைத்தியர் இப்படிச் செய்யலாமா என்று அவர் முகத்திலேயே கேள்வி.

காரணம் இருக்கிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரு படலம் இருக்கும். தண்ணீரை ஊற்றினால் போகாது, தேய்த்தால்தான் போகும். சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நூல் போன்ற இழைகளால் மூத்திரப்பைச் சுவரில் ஒட்டி, கூட்டமாகப் பெருகி, பசை போன்ற போர்வையைத் தானே சுரந்து மூடிக்கொள்கிறது. இதுதான் பயோஃபிலிம். அதற்குள் மருந்து சரியாக இறங்காது. உள்ளே சில கிருமிகள் தூங்குகிற மாதிரி மந்தமாகிவிடும்; வளரும் கிருமியைத் தாக்கும் மாத்திரைக்கு அவை அகப்படுவதில்லை. மிதக்கிறவை செத்ததும் எரிச்சல் நிற்கும், நமக்கோ குணமாகிவிட்ட நினைப்பு! கதீட்டர் போட்டவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். அந்தக் குழாயே கிருமிக்குத் திண்ணை.

போர்வை ஒருபுறம் இருக்க, மருந்தையே முறிக்கிற கிருமிகளும் உண்டு. கடைசிக்கட்ட ஊசியான கார்பபெனத்தையும் செயலிழக்க வைக்கும் ‘என்டிஎம்-1’ பற்றி 2010-ல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர், நம் தரமணி வளாகத்துச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. சிறுநீர்த் தொற்று நோயாளிகளிடம் எடுத்தவையும் அதில் சேர்த்தி. 2014 மார்ச் 1 முதல் பல வீரியமான ஆன்டிபயாடிக்குகள் ‘ஹெச்1’ பட்டியலில் உள்ளன. சீட்டு இல்லாமல் தரக்கூடாது, கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். பழைய சீட்டைத் திருப்பித் திருப்பி நீட்டினால் சட்டம் என்ன செய்யும், சொல்லுங்கள்?

கல்ச்சருக்கு, முதல் மாத்திரை போடுமுன் நடுத்தாரைச் சிறுநீரைப் பிடியுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். குளிர் ஜுரம், விலா வலி, கர்ப்பம் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்த அம்மாளின் ரிப்போர்ட்டில், அவர் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரைக்கு நேரே ‘ஆர்’. அதாவது, அது கிருமியை அசைக்காது. சர்க்கரையும் கூடுதலாக இருந்தது. அது அவருக்கே தெரியாது. ரிப்போர்ட்டோடு சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினேன்.

“அப்போ கஷாயம்?” என்றார் வாசலில் நின்று.

“முதல்ல தொற்று அடங்கட்டும்மா. அப்புறம் நானே தர்றேன்.”