மழையை முந்தி வரும் காற்று

சித்திரை, வைகாசியில் திருத்தணியின் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. அப்படிப்பட்ட ஒரு நாளின் மாலையில் மேற்கே, சித்தூர்ப் பக்கம் வானம் கறுக்கிறது. திடீரென்று குளிர்ந்த காற்று பாய்ந்து வருகிறது, புழுதி எழுகிறது, கூரைத் தகடுகள் பறக்கின்றன. மழையோ பிறகுதான் வருகிறது! இக்காற்று எங்கிருந்து வந்தது?

மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் வங்கக் கடலின் ஈரக்காற்றும் பிற்பகலில் சந்திக்கின்றன. ஈரக்காற்று மேலெழுந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள இடிமேகமாகத் திரள்கிறது. அதிலிருந்து விழும் துளிகளில் பல, வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. மண்பானை நீர் குளிர்வது எப்படி என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதேபோல் இங்கே காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாலாபுறமும் சிதறுகிறது.

இதன் வலிமை என்ன? காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை! வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

இதைச் சுழற்காற்று என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். சுழன்று வரும் டொர்னேடோ வேறு. 1978 மார்ச் 17 அன்று தில்லியைத் தாக்கி 28 உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். தமிழ்நாட்டில் அது மிக அரிது. வந்தது எது என்பதை விழுந்த மரங்களே காட்டிவிடும். ஒரு மையத்திலிருந்து விரிந்து சாய்ந்திருந்தால் மேகத்திலிருந்து கீழே பாய்ந்த காற்று. குறுகிய பாதையில் தாறுமாறாக முறுக்கிக் கிடந்தால் டொர்னேடோ. 1970களில் ப்யூஜிட்டா என்ற அறிஞர் விமானத்திலிருந்து பார்த்துக் கண்டறிந்த வழி இது.

குளிர்காற்று முகத்தில் பட்டதும் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது மலைப்படிகளில் நின்றிருந்தால், மரத்தடியையும் தகரக் கொட்டகையையும் நாடாமல் உறுதியான கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். மின்னல் மிக அருகில் இருக்கிறது.