அண்ணன் சொன்ன ஜப்பான், மகள் பார்த்த ஜப்பான்

ஓசூர் சிப்காட் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஜப்பானிய வார்த்தை ஒன்றிரண்டு காதில் விழும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு 25 வருஷமாக ஷாப் ஃப்ளோரில் நிற்கும் என் அண்ணன், 'செய்ரி, செய்டன், செய்சோ' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வேண்டாததைக் கழி, இருப்பதை அடுக்கு, துடைத்து வை என்று அர்த்தம்.

இது இங்கே வந்ததற்குக் காரணம் உண்டு. 1980-களில் டி.வி.எஸ்., ஜப்பானின் சுஸுகியோடு கூட்டு சேர்ந்தது. 2001-ல் பிரிந்தது. ஆனால், அந்த வேலைமுறை போகவில்லை. தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998-ல் சுந்தரம் கிளேட்டனும், 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கின.

அண்ணன் ஜப்பானைப் பார்த்ததில்லை. போனது அவர் மகள். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம்; கல்லூரியில் ஏழு நாள் கல்விப் பயணம். பணத்துக்கு அண்ணியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. 'ஊர் சுத்தவா நகையை வைக்கிறீங்க?' என்று நான் சண்டையே போட்டேன்.

திரும்பி வந்தவள் புல்லட் ரயில் பற்றி இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை. "அத்தை, அங்க ஸ்கூல் பசங்களே கிளாஸைக் கூட்டித் துடைக்கிறாங்க. எல்லாருக்கும் முறை வருது" என்றாள். இதைக் கேட்டதும் 'ஆஹா' என்று சொல்லிவிட வாய் வராது. நம்மூரில் பிள்ளைகளைக் கூட்டச் சொன்னால், எந்தப் பிள்ளையைச் சொன்னார்கள் என்பதில் சாதி வந்து நிற்கிறது. 'எல்லாருக்கும்' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

இன்னொன்று, கயிறு. டொயோட்டா பிரபலமாக்கிய முறை இது. பழுதைப் பார்த்தால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும், தேவைப்பட்டால் லைனே நிற்கும்.

"எங்க லைன்லயும் இருக்கும்மா. இழுத்தா சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்கணுமே!" என்றார் அண்ணன்.

"அங்க இழுத்தவருக்கு நன்றி சொல்லணும்னு பழக்கியிருக்காங்களாம்ப்பா."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தான் பார்த்தும் இழுக்காமல் விட்ட நாட்களைச் சொல்ல ஆரம்பித்தார். ராத்திரி 12 மணிவரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். தன் வேலையைப் பற்றி மகளிடம் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அதற்காக எல்லாரும் நகையை அடகு வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். இவளோடு போன சிலருக்கு ஷாப்பிங் மாலும் தீம் பார்க்கும்தான் ஞாபகத்தில் இருக்கிறது. பணம் கட்டும் முன் பயணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். பள்ளி, ஆலை, ஆய்வகத்தில் எத்தனை மணி நேரம், பஸ்ஸில் எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள்.

கடன் வாங்காமல் போகவும் வழி இருக்கிறது. 2022 நவம்பரில் நம் அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். 2024 ஜூனில் 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வான 25 கல்லூரி மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள். இரண்டுமே அரசு செலவு. ஜப்பான் அரசு அமைப்பு 2014-ல் தொடங்கிய 'சகுரா சயின்ஸ்' திட்டத்தில் 2016 முதல் இந்தியப் பள்ளி மாணவர்களும் போய் வருகிறார்கள். பள்ளி அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

சங்கிலி இன்னும் மீளவில்லை, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அவளோ சனிக்கிழமைதோறும் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறாள். டிசம்பரில் என்-5 தேர்வு. வகுப்பு நோட்டை அண்ணன்தான் ராத்திரியில் புரட்டிக்கொண்டிருக்கிறார்.