கோப்பின் இடமும் கருவியின் இடமும்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் இருப்பிடச் சான்று, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், வாடகை உடன்படிக்கை ஆகியவற்றின் படிகள் இன்று கணினியிலேயே தங்குகின்றன. அலுவலகத்திற்குப் புறப்படும் வேளையில் அவற்றுள் ஒன்று அகப்படாவிட்டால், “நேற்று இங்கேதானே வைத்தோம்” என்று திகைக்கிறோம். அந்த ‘இங்கே’ என்பது யாது? கணினியின் வட்டில் கோப்புகள் எண்களாகச் சிதறிக் கிடக்கின்றன; இடம் என்று நாம் கருதுவது நம் பொருட்டு வரைந்து காட்டப்படும் ஒரு தோற்றமே. அத்தோற்றத்தைத் தருவது கோப்பு மேலாளர் என்னும் மென்பொருள். அடிக்கடி வேண்டப்படும் கருவிகளைத் திரையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி வைப்பது டாக். முன்னது பெட்டகம் என்றால் பின்னது சுவரிலுள்ள ஆணி வரிசை.

இவற்றை வடிவமைப்பது எத்துணைக் கடினம் என்பதைக் க்னோம் என்னும் திறமூலத் திட்டத்தின் வரலாறு நன்கு காட்டுகிறது. 1997-ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தின் நிரல்களை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ இயங்குதளமும் க்னோம் திரையையே மேற்கொண்டது.

க்னோமின் கோப்பு மேலாளருக்கு நாட்டிலஸ் என்று பெயர். 2004-இல் அதன் வடிவமைப்பாளர்கள் ஒரு துணிவான முடிவு செய்தனர். ஒவ்வொரு கோப்புறையும் தனக்கெனத் தனிச் சாளரத்தில் திறக்கும். அச்சாளரத்தை எவ்விடத்தில், எவ்வளவு பெரிதாக விட்டோமோ, மறுமுறையும் அவ்வாறே அது தோன்றும். மேசை மீது வைத்த பொருள் வைத்த இடத்திலேயே இருப்பது போன்றதே இது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினி இம்முறையைக் கையாண்டிருந்தது. கருத்து அழகானது, மனித நினைவின் இயல்புக்கும் ஏற்றது. ஆயினும் 1984-இல் ஒருவரிடமிருந்த கோப்புகள் சில. இருபது ஆண்டுகள் கழிந்தபின் அவை பல்லாயிரம். ஆறு அடுக்குகளுக்குள் இருந்த ஒரு கடிதத்தை எடுக்கச் சென்றால் திரையில் ஆறு சாளரங்கள் குவிந்தன. பழைய முறைக்குத் திரும்பும் வழியோ, தொடக்கத்தில் எளிதிற் கண்ணிற்படாத ஓர் அமைப்பினுள் இருந்தது. முறையீடுகள் ஓயவில்லை. 2010-இல் ஒரே சாளரத்திற்குள் முன்னும் பின்னும் செல்லும் முறையே மீண்டும் இயல்பாக்கப்பட்டது. கொள்கையில் பிழையில்லை, அளவில் பிழை என்பதே நம் கருத்து.

டாக்கின் கதை வேறு வகையானது. 1989-இல் நெக்ஸ்ட் கணினியின் திரையில் வலப்புற ஓரத்தில் அது நின்றது. ஒரே சின்னம் இரண்டு வேலை செய்வதால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கருவியைத் தொடங்குவதும் அதுவே. இயங்கிக்கொண்டிருக்கும் கருவியைக் காட்டுவதும் அதுவே. கோப்பு மேலாளரின் சின்னத்தைச் சொடுக்கினால் புதிய சாளரம் வரவேண்டுமா, திறந்திருப்பது முன்வரவேண்டுமா? மூன்று சாளரங்கள் திறந்திருந்தால் எது வருவது? சின்னத்தின் அருகே சிறு புள்ளியிட்டு, “இஃது இயங்குகிறது” என்று அறிவிப்பது அதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று.

2011-இல் வெளிவந்த க்னோம் 3 அவ்வரிசையை அடியோடு மறைத்துவிட்டது. வேலை செய்பவரின் கவனம் சிதறலாகாது என்பது காரணம். வேண்டும்போது தனிக்காட்சி ஒன்றைத் திறந்துதான் வரிசையைக் காணவேண்டும். பலர்க்கு இது பொருந்தவில்லை. வெளியிலிருந்த நிரலர்கள் அதனை எப்போதும் தெரியச் செய்யும் இணைப்பு ஒன்றை எழுதினர். 2017-இல் உபுண்டு அதனையே தழுவித் திரையின் இடப்புறத்தில் நிலைநிறுத்தியது. இக்காலத் திரைகளில் அகலம் மிகுதி, உயரம் குறைவு. ஆதலின் ஓரம் சிறந்த இடமே. 2012-இல் நாட்டிலஸிலிருந்து இரட்டைப் பலகம் முதலியன நீக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. லினக்ஸ் மின்ட் குழுவினர் பழைய நிரலைப் பிரித்தெடுத்து ‘நெமோ’ என்னும் புதிய மேலாளரை உருவாக்கினர். விலைக்கு வாங்கும் மென்பொருளில் இதற்கு வழியில்லை. அங்கே முறையிடலாம், அவ்வளவே.

தமிழில் கோப்புக்குப் பெயரிடுவோர்க்கு இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. லினக்ஸில் பெரிதும் வழங்கும் கோப்பமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டுகளைக் கடத்தலாகாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழிலோ ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு கொள்ளும். ‘விண்ணப்பம்’ நம் கணக்கில் ஆறெழுத்து. கணினிக்குப் பத்துக் குறி, முப்பது பைட்டு. அத்தகைய சொற்கள் எட்டு அடங்கும், ஒன்பதாவது அடங்காது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்குத் தலைப்புகள் எவ்வளவு நீளும் என்பது தெரியும்!

மற்றொன்று கண்ணுக்கே புலனாகாதது. ‘கொ’ என்னும் எழுத்தில், ககரத்தைத் தொடரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் பதியலாம்; ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. கோப்பமைப்போ இரண்டையும் இருவேறு பெயர்களாகவே கொள்ளும்; ஆகவே ஒரே கோப்புறையில் ‘கொடுப்பனவு’ என்று இரண்டு கோப்புகள் அருகருகே நிற்கக்கூடும். தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும்படி மேலாளரை எழுதுவோர் தனியே ஏற்பாடு செய்தல் வேண்டும். அவ்வேற்பாடு இல்லாத கருவியைக் கண்டால், பயன்படுத்தும் தமிழரே எடுத்துக்காட்டுடன் அத்திட்டத்தார்க்குப் பிழையறிக்கை எழுதலாம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. இரண்டு பெயர்களையும் படியெடுத்து அனுப்பினாற் போதும்.