உஷார்! 'பழைய' டோகோன் கதவு வீட்டுக்கு வரப்போகிறதா?

நில்லுங்கள்! பணத்தைக் கட்டிவிடாதீர்கள்!

"டோகோன் தானியக் குதிர்க் கதவு, 200 வருடப் பழசு" என்று ஆன்லைன் ஏலத்தில் படம் போட்டிருக்கிறார்களா? வரிசை வரிசையாக மனித உருவங்கள், நடுவில் மரப்பூட்டு. பார்த்ததும் மனசு போய்விடும். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பாண்டியாகரா செங்குத்துப் பாறைகளை ஒட்டி வாழும் டோகோன் மக்களின் கைவேலை அப்படி. அந்த அழகுதான் தூண்டில்!

ஒருவர் இப்படித்தான் வாங்கினார். பெயர் வேண்டாம், பாவம். பெரிய தொகை. தூசி போகட்டும் என்று ஈரப்பஞ்சால் துடைத்தார். பஞ்சு முழுக்கக் காப்பிப்பொடி நிறம்! அடியில் வெளுத்த புது மரம். மூலையில் இருந்த பொடி ஓட்டைகளிலிருந்து மாவு போலத் தூள் வேறு கொட்டியது. உளு! அடுத்த வருடம் புத்தக அலமாரியிலும் அதே தூள். விற்றவர் போனை எடுப்பதே இல்லை.

போலி செய்பவர்கள் புது மரத்தை மண்ணில் புதைப்பார்கள். புகை போட்டுக் கருக்குவார்கள். கரையானை விட்டு அரிக்கவும் வைப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள். தேய்மானத்தைப் பாருங்கள்!

அசல் டோகோன் கதவுக்கு இரும்புக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் மர முளைதான் குழியில் சுழலும். நிஜமாகப் புழங்கியது என்றால் முளை தேய்ந்திருக்கும், கை படும் இடம் வழவழத்திருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா? உஷார்!

கதவு இல்லை, டோகோன்களின் 'கானாகா' முகமூடி என்கிறார்களா? திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். 'டாமா' என்னும் ஈமச்சடங்கில் அதை அணிந்து ஆடுபவர், உச்சியில் உள்ள இரட்டைச் சிலுவை மண்ணைத் தொடும் அளவுக்கு வளைந்து சுழல்வார். முகம் உரசிய தடமே இல்லையென்றால் அது ஆடிய முகமூடி இல்லை.

"சரி, அசலாகவே தேடி வாங்குகிறேன்" என்கிறீர்களா? ஐயோ, அது இன்னும் மோசம்! வறட்சியில் பசிக்கு விற்றதோ, இரவோடு இரவாகப் பெயர்த்ததோ, யார் கண்டார்? 'தோகுனா' என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் பந்தல் உண்டு. கோபத்தில் யாரும் துள்ளி எழ முடியாதபடி கூரையைத் தாழ்வாகப் போட்டிருப்பார்கள். அதைத் தாங்கும் செதுக்குத் தூண்களைக்கூடத் திருடர்கள் விட்டுவைக்கவில்லை. மாலி அரசு 1985-லேயே பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டது. பாண்டியாகரா குகைகளின் தொல்பொருட்களை இறக்குமதி செய்வதை அமெரிக்கா 1993-லேயே தடுத்தது. 2012-க்குப் பிறகு அங்கே சண்டை வேறு. அனுமதித் தாள் இல்லாத பொருள் சுங்கத்தில் சிக்கினால் பொருளும் போகும், பணமும் போகும், வழக்கும் வரும்.

"எங்கள் தாத்தா வாங்கினது, தாளெல்லாம் தொலைந்துவிட்டது" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை முடியுங்கள்.

ஆசையாக இருந்தால் புதுசு வாங்குங்கள், தப்பே இல்லை. டோகோன் ஊர்களில் மரம் செதுக்குபவர்கள் பெரும்பாலும் கொல்லர்கள். அவர்கள் இன்று செய்ததை இன்று செய்தது என்றே சொல்லி விற்பவரிடம் வாங்குங்கள். பழசு என்று சொன்னால் மாலி அரசின் ஏற்றுமதி அனுமதியைக் கேளுங்கள். அது கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்!