விருப்பப் பட்டியலுக்கு முன் ஒரு கோடை வேலை

2025இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25ஆம் தேதி முடிந்தது. முடிவு மே 8இல் வந்தது. பொறியியல் கலந்தாய்வு ஜூலையில்தான். மற்ற ஆண்டுகளிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். நடுவே மூன்று மாதத்துக்குக் குறையாமல் பிள்ளைகள் கையில் நேரம் கிடக்கிறது. குமரி மாவட்டத்தில் சிதறால், அருமனை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் அந்த நேரத்தைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. "சும்மா இருக்காதே மக்களே, ஏதாவது கடையில போய் நில்லு" என்பது ஒன்று. "படிக்கப்பட்ட பிள்ளையை வேலைக்கு விடப்பிடாது" என்பது மற்றது. முதல் பேச்சு சம்பளத்தைப் பார்க்கிறது, இரண்டாவது கௌரவத்தை. எந்தப் படிப்பில் சேருவது என்று முடிவெடுக்க அந்த வேலையே உதவும் என்பது இரண்டு தரப்புக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில், வகுப்பறைக்கு வெளியே செய்தவற்றைப் பத்து வரை எழுத இடம் உண்டு. கடையில் பில் போட்டதையும் எழுதலாம். அதனால் அங்கே வேலை தேடும்போதே 'விண்ணப்பத்தில் இது எப்படித் தெரியும்' என்ற கவலையும் ஒட்டிக்கொள்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 2007இல் நுழைவுத்தேர்வு போன பிறகு தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கை என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடும் கட் ஆஃப்தான். ரப்பர் பால் எடுத்தாயா, கல்லாவில் இருந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. 'அப்படியானால் வேலை எதற்கு?' என்று இங்கேயே முடித்துவிடுவது அவசரம். மதிப்பெண் கிடைக்காத வேலையில் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை; தெரிந்துகொள்வதற்கென்றே போகலாம். தெரிந்துகொள்ள வேண்டிய நெருக்கடியும் இருக்கிறது. 400க்கு மேற்பட்ட கல்லூரிகள் வரிசைகட்டி நிற்கும் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பிள்ளைதான் நிரப்ப வேண்டும். பெரும்பாலும் அது ஏதாவது நெட் சென்டரில், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன வரிசையில், ஒரே மூச்சில் நிரம்பிவிடுகிறது.

இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ரப்பர். ஆண்டுத் தொடக்கத்தில் இலையுதிர்ந்து தளிர்விடும்போது நிறுத்திய பால்வெட்டு, கோடை மழை விழுந்ததும் மறுபடி சூடுபிடிக்கும். வெட்டுகிறவர் இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போகிறார். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும். பட்டையை ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவலாம். கத்தி ஆழப்போனால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து அந்த இடம் வீணாகும். சிரட்டையில் சேரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தட்டில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டால் உறைகிறது. ரோலரில் கொடுத்துப் புகையில் காயவைத்தால் ஷீட். பிளஸ் டூ வேதியியலில் கூழ்மம் என்று மனப்பாடம் செய்தது இங்கே தட்டில் கிடக்கிறது. ஏன் உறைகிறது, நேற்றைய ஷீட்டில் ஏன் குமிழி விழுந்தது என்று இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளைக்குக் கேட்கத் தோன்றினால் அது ஒரு பதில். தோன்றாமல் சலிப்புத் தட்டினால் அதுவும் பதில்தான். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பி.டெக். இருக்கிறது. ரப்பர் மரத்தடியில் வளர்ந்த எத்தனை பிள்ளைகளின் பட்டியலில் அது ஏறுகிறது என்பது வேறு கதை.

ஆகவே தொழிலின் பெயரைப் பார்த்து வேலைக்குச் சேருவதில் பொருளில்லை. அங்கே எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று கேட்க வேண்டும். மே மாதம் மார்த்தாண்டத்துக் கடைகளில் பையும் குடையும் சீருடைத் துணியும் மலையாகக் குவியும். அங்கே துணி மடித்துக்கொண்டே இருந்தால் துணி மடிக்கத்தான் வரும். அதே கடையில் சரக்கு இறங்கும்போது பில்லோடு ஒத்துப்பார்க்கும் இடத்தில் நின்றால், பி.காம். தனக்கு ஒத்துவருமா என்று தெரியும். சிதறால் மலையடிவாரத்தில் சர்பத் கடையில் நிற்பது கூட வரலாறு படிக்க நினைப்பவருக்கு வீண்போகாது. 9ஆம் நூற்றாண்டில் சமணத் துறவிகள் இருந்த மலை இது. குரத்திகள் என்று பெண் குருமார்களும் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்கும் பார்சுவநாதரைப் பார்த்துவிட்டு இறங்கும் கூட்டம் 'அது எந்தச் சாமி' என்று கடைக்காரரிடம்தான் கேட்கும். பதில் சொல்ல ஆசை வருகிறதா என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தில் என்ன தெரிந்துவிடும் என்பார்கள். பிடித்த படிப்பு எது என்று தெரியாமல் போகலாம். பிடிக்காதது எது என்று தெரிய ஒரு மாதம் தாராளம். பட்டியலிலிருந்து நான்கு பெயரை அடிக்க அது போதும். நீட் எழுதுகிறவர்களின் கதை வேறு. மே முதல் வாரத் தேர்வு முடியும்வரை அவர்களை விட்டுவிட வேண்டியதுதான்.

பிள்ளையைச் சக்கையாகப் பிழிந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. பிளஸ் டூ முடித்தவர்களில் பலருக்கு வயது 17தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, 14 வயதுக்கு மேல் 18க்குள் உள்ளவர்களை ஆபத்தான தொழிலில் சேர்க்கக்கூடாது. மற்ற இடங்களிலும் இரவு 7 மணியிலிருந்து காலை 8 வரை கூலிக்கு வைக்கக்கூடாது. ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாள் வேலை ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அப்படிப் பார்த்தால் விடியுமுன் பால்வெட்டப் போவது அந்த வயதுக்காரருக்கு ஆகாது; எட்டு மணிக்கு மேல் பால் சேகரிப்பதும் ஷீட் அடிப்பதும் செய்யலாம், ஆசிட்டைப் பெரியவர்கள் ஊற்றட்டும். ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்கும் ஜவுளிக்கடையில் 'கடை அடைக்கும்வரை நில்லு' என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மிச்சமிருப்பது பணம். கல்லூரிக் கட்டணத்துக்கே இந்தக் கூலி வேண்டும் என்ற வீட்டில் போய் 'தேர்ந்தெடு' என்று சொல்வது எளிது, செய்வது கஷ்டம். அங்கே கூலி கூடுதலாகத் தரும் கடைக்கே போகட்டும். ஆனால் சேரும் அன்றே ஒன்று கேட்டு வைக்கலாம்: பள்ளி திறந்து கூட்டம் குறைந்தபின், ஜூன் மாதத்தில் ஒரு வாரம் பில் போடும் மேசையில் உட்கார விடுவீர்களா என்று. விருப்பப் பட்டியல் நிரப்ப அதற்குப் பிறகும் நாள் இருக்கும்.