வெளியே வரும் நைட்ரஜன் சொல்லும் கணக்கு

நுரையீரலைச் சோதிக்க டாக்டர்கள் வழக்கமாகச் செய்வது, வாயில் ஒரு குழாயை வைத்து "நல்லா மூச்சை இழுத்து, பலமா ஊதுங்க" என்பதுதான். மயக்க மருந்தில், தொண்டைக்குள் குழாயோடு வென்டிலேட்டரில் கிடப்பவரிடம் இதைச் சொல்ல முடியுமா?

வென்டிலேட்டருக்கே தெரியாதா என்று தோன்றலாம். ஒவ்வொரு மூச்சிலும் எவ்வளவு காற்று போனது, எவ்வளவு திரும்பியது என்று அதன் திரை காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அது காட்டாதது, மூச்சை விட்டு முடித்த பிறகும் உள்ளே தங்கியிருக்கும் காற்றை. படுத்திருக்கும் ஆரோக்கியமான பெரியவருக்கு அது ஏறக்குறைய இரண்டு லிட்டர். ஏஆர்டிஎஸ் எனப்படும் கடும் நுரையீரல் பாதிப்பில் ஒரு லிட்டருக்கும் கீழே இறங்கிவிடலாம். காற்றறைகள் பல நீர் கோத்தும் சுருங்கியும் மூடிக்கொள்ள, ஆறடி ஆளுக்குள் வேலை செய்வது கொஞ்சூண்டு நுரையீரல்தான். இத்தாலிய மருத்துவர் லூசியானோ கட்டினோனி இதைக் 'குழந்தை நுரையீரல்' என்றே அழைத்தார். அதில் முழு ஆளுக்கான காற்றைத் திணித்தால் மிச்சமிருப்பதும் கெடும். 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரு மூச்சின் அளவைக் கிலோவுக்கு 12 மில்லியிலிருந்து 6 மில்லியாகக் குறைத்ததும் இறப்பு சுமார் 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கிலோ கணக்கும் நோயாளியின் உயரத்தை வைத்துப் போடுவதுதான்; நுரையீரலை அளந்து அல்ல.

அளக்கக் கைகொடுப்பது நைட்ரஜன். உடல் அதைச் செலவழிப்பதில்லை, ரத்தத்திலும் அது அதிகம் கரையாது. 40 சதவீத ஆக்சிஜனில் இருக்கும் ஒருவருக்கு அதை 60 ஆக உயர்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் நைட்ரஜன் 60 சதவீதத்திலிருந்து 40 ஆகிறது. பழைய நைட்ரஜன் மூச்சுக்கு மூச்சு வெளியேறும். கூடுதலாக வந்ததைக் கூட்டினால் 400 மில்லி என்றால், அது மொத்தக் காற்றில் 20 சதவீதம். ஆக, உள்ளே இருப்பது இரண்டு லிட்டர். 160 மில்லிதான் வந்ததா? வெறும் 800 மில்லி. நோயாளி எதுவும் செய்ய வேண்டாம். வென்டிலேட்டரைக் கழற்றவும் வேண்டாம்.

இதில் வேடிக்கை, பல கருவிகளில் நைட்ரஜனை நேரடியாக அளக்கும் சென்சாரே கிடையாது. ஆக்சிஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் கழித்து, மீதி நைட்ரஜன் என்று எடுத்துக்கொள்கின்றன.

யோசனை பழையது. 1800-லேயே இங்கிலாந்தின் ஹம்ஃப்ரி டேவி, ஹைட்ரஜனைச் சுவாசித்துத் தன் நுரையீரலில் தங்கும் காற்றைக் கணக்கிட்டார். நைட்ரஜனை வெளியேற்றி அளக்கும் முறையை 1940-இல் டார்லிங், குர்னான், ரிச்சர்ட்ஸ் மூவரும் நியூயார்க்கில் வெளியிட்டனர்.

சங்கடங்கள் இல்லாமலில்லை. 100 சதவீத ஆக்சிஜனில் ஓடும் நோயாளிக்கு அதை மேலே ஏற்ற வழியில்லை. குறைத்துப் பார்ப்பதும் ஆபத்து. மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கே சோதனை எட்டாமல் போகிறது. குழந்தைகளுக்குக் குழாயின் ஓரமாகக் காற்று கசிந்தால் கணக்கு தவறிவிடும்.

எண் கூடினால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சின் முடிவில் நுரையீரலுக்குள் நிறுத்திவைக்கும் அழுத்தத்தை ஐசியூவில் 'பீப்' என்பார்கள். அதைக் கூட்டினால் தங்கும் காற்றும் கூடும். மூடிய அறைகள் திறந்தனவா, திறந்தவையே இன்னும் உப்பினவா என்பதுதான் கேள்வி. ஓர் அலகு அழுத்தத்துக்கு 30 மில்லி விரியும் நுரையீரலில் பீப்பை 5 அலகு கூட்டினால், வெறும் உப்பலுக்கே 150 மில்லி ஏறும். 400 ஏறியிருந்தால், மீதி 250 பெரும்பாலும் புதிதாகத் திறந்த அறைகளுக்குள் போன காற்று. ஏறியது 150 மட்டும்தான் என்றால், பீப்பைப் பழைய அளவுக்கே இறக்குவதைப் பற்றி டாக்டர் யோசிக்கத் தொடங்குவார்.